வெண்டெலின் ஓட்டு

"ஜனாதிபதிக்கு நிக்கிற அந்தப் புளுகனுக்கு என் ஓட்டு கிடையாது" என்று முள்கரண்டியால் பேன்கேக்கைக் குத்தினார் வெண்டெல். வாழ்நாள் முழுக்கக் குடியரசுக் கட்சிக்காரர்.

"ஜனவரியில அவரைக் கோமாளின்னே. ஜூலையில, வரியைக் குறைப்பார், தங்கமான மனுஷன்னே. இப்ப புளுகனா?" என்றாள் மனைவி லோர்னா.

"கூடப் பழகினப்புறம்தானே தெரியுது. இந்தத் தடவை நான் எதிர்க்கட்சிக்குத்தான் போடப்போறேன்."

"தாராளமா போடு. ஆனா அவர் தோத்தா நீயும் தோத்துடுவே. அவரோட துணை ஜனாதிபதி வேட்பாளரே நீதான். வெளியே பிரசார பஸ் வந்து நிக்குது, டையில ஒட்டின பேன்கேக் சிரப்பைத் துடை."

வெண்டெல் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"இன்னிக்கு அவனை என்னன்னு புகழணுமாம்?"