ஆறாம் தேதி அழைப்பு

“இன்னைக்கும் குளிக்கத்தான் போயிருக்காரா, சார்?”

“ஆமாம்மா. இப்பத்தான் துண்டை எடுத்துட்டுப் போனான்” என்றார் மறுமுனையில் இருந்த பையனின் அப்பா.

வங்கியிலிருந்து கூப்பிட்ட பெண் பெருமூச்சை அடக்கிக்கொண்டாள். கல்விக் கடன் வாங்கியவர்கள் தவணை தவறினால் மறுநாளே கூப்பிட்டு நினைவூட்டுவது அவள் வேலை. தன் படிப்புக் கடனை அடைக்க அவளுக்குக் கிடைத்ததும் இந்த வேலைதான்.

தவணை நாள் ஐந்து. இந்த வீட்டில் ஒரு முறைகூட ஐந்தாம் தேதி கட்டியதில்லை. ஆறாம் தேதி அவள் கூப்பிட்டு, விதிப்படி கடன் வாங்கிய பையனின் முழுப் பெயரையும் சொல்லி, இருக்காரா என்று கேட்பாள். எடுப்பது அப்பாதான். பையன் தூங்குகிறான், கடைக்குப் போயிருக்கிறான், குளிக்கிறான் என்பார். அரை மணி நேரத்தில் அபராதத்தோடு பணம் வந்துவிடும். உலகத்திலேயே சுத்தமான ஆள் அந்தப் பையன்தான்டி என்று பக்கத்து இருக்கைக்காரி சிரிப்பாள்.

பேச்சுக்குப் பின்னால் எப்போதும் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் சட்டைக் காலர் தைப்பவர். ஊசியில் நூல் கோக்கவே இப்போதெல்லாம் கண் தெரிவதில்லை என்று போன மாதம் சொல்லியிருந்தார். அவளுக்குத் தன் அப்பாவின் தடித்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. அன்று பொறுக்கவில்லை.

“நான் இப்படிப் பேசக் கூடாது, சார். படிச்சது அவரு, உழைச்சுக் கொட்டறது நீங்களா? மாசாமாசம் அபராதம் வேற அழறீங்க. இதுதான் கடைசித் தவணை. இதையாவது அவர் கையால கட்டச் சொல்லுங்க.”

மெஷின் நின்றது.

“பணத்தை ஒண்ணாம் தேதியே எடுத்து வச்சுடுவேம்மா. கட்டிட்டா நீ கூப்பிட மாட்டியே.”

அவளுக்குப் புரியவில்லை.

“அவன் தவறிப் போய் மூணு வருஷமாச்சு. எனக்கு வலிக்கும்னு வீட்டுக்கு வர்றவங்க யாரும் அவன் பேரையே எடுக்கறதில்ல. முழுப் பேரும் சொல்லி, இருக்கானான்னு கேக்கறது நீ ஒருத்திதான். கடன்தான் இன்னையோட முடியுதே... அடுத்த மாசமும் ஆறாம் தேதி, ஒரே ஒரு தடவை, கூப்பிட்டு அவனைக் கேப்பியாம்மா?”