அந்தக் கை யாருடையது?

ஆன்லைன் மத்தியஸ்தம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மத்தியஸ்தர் யாமினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

திரையின் ஒரு கட்டத்தில் சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தின் மசாலாக் கடை ஆமினா பீவி. இன்னொன்றில் பிடோக்கில் புதுக்கடை திறந்திருந்த சுஹைப். வழக்குத் தாள்களில் இருந்தவை இருவரின் கடை முகவரிகள் மட்டுமே.

“எங்க பிரியாணித் தூளோட பேரை இவரு கடைக்கு வச்சிட்டாரு. முப்பது வருஷப் பேரு. எடுக்கச் சொல்லுங்க. இவரு...”

ஆமினா பீவியின் குரல் நின்றது. உதடுகள் மட்டும் அசைந்தன.

உடனே சுஹைபின் கேமரா அணைந்தது. சில நொடிகளில் ஆமினா பீவியின் கட்டத்துக்குள் ஓர் ஆணின் கை நுழைந்து எதையோ தட்டியது. குரல் திரும்பியது. சுஹைபும் மூச்சு வாங்கத் திரும்பினார்.

மூன்றாம் முறையும் அப்படியே நடந்தபோது யாமினி குறுக்கிட்டார்.

“ஆமினாம்மா, பக்கத்துல யாரு? வெளி ஆள் கூடாதுன்னு சைன் பண்ணியிருக்கீங்க.”

“வெளி ஆள் யாரும் இல்லம்மா.”

“அப்ப அந்தக் கை யாருது? சுஹைப், அது வரும்போதெல்லாம் நீங்க எங்க போறீங்க? அவங்க ஆளை உங்க பக்கம் இழுத்துட்டீங்களா?”

சுஹைப் தலையைச் சொறிந்தார்.

“கை என்னோடதுதான் மேடம். அவங்க என் மாமியார். நிக்காஹ் முடிஞ்சதுலேர்ந்து அவங்க வீட்லதான் இருக்கேன், எங்க வழக்கம் அது. இப்ப அடுத்த ரூம்ல உக்காந்திருக்கேன். அவங்களுக்கு மியூட் எடுக்கத் தெரியாது லா.”

“அதுக்கு எதிர்த்தரப்பு நீங்களே போய் எடுத்து விடுவீங்களா?”

“பின்ன? அவங்க என்னைத் திட்டுறது உங்களுக்குக் கேக்க வேணாமா?”