பிடித்த கை

மாலின் வாசலிலேயே குழந்தைகளுக்கெல்லாம் சிவப்பு அங்கியும் தொப்பியும் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியும் மாட்டிவிட்டார்கள். என் மகள் பெனிட்டாவுக்கு ஒரே குஷி. "கூட்டத்துல பிடிச்ச கைய மட்டும் விடவே கூடாது," என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போனேன். பெரிய மரத்தடியில் நின்றபோது விளக்குகளை அணைத்து, மேலிருந்து சோப்பு நுரையைப் பனி போலக் கொட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். விளக்கு வந்ததும் சின்னக் கை தானாகவே என் கைக்குள் வந்துவிட்டது. பொம்மை ரயில், கேக்கில் கட்டிய வீடு என்று ஆசைதீரச் சுற்றினோம். பாட்டுச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க முகமூடியைத் தூக்கினேன். யாரோ ஒரு பையன். என்னைப் பார்த்ததும் அவன் உதடு பிதுங்கியது. கையை உருவப் பார்த்தேன். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "கைய விடக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க." நிமிர்ந்து பார்த்தேன். எல்லாத் தளங்களிலும் சிவப்புத் தொப்பிகள் யார் யார் கையையோ பிடித்தபடி போய்க்கொண்டிருந்தன. வாசலிலும், கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் படிகளிலும். பெனிட்டா என் பேச்சை ஒருநாளும் மீறியதில்லை.