நிற்காத ஃபேன்

"கரண்ட் இல்லாம தெருவே புழுங்குது. நம்ம வீட்டு ஃபேன் மட்டும் நிக்கவே இல்ல பாரு," என்றாள் அம்மா பெருமையோடு.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றக் கூடாது.

தெருவில் மின்சாரம் போனால், வெயில் எப்படிக் கொளுத்தினாலும், கூரையிலிருக்கும் சோலாரும் கையோடு நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வீட்டைத் தாண்டித் தெருக்கம்பிக்கும் போய்விடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறவன் கதி அவ்வளவுதான். அப்படி நிற்கும்படி இன்வெர்ட்டர் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பற்றி மணிக்கணக்காக வகுப்பு வேறு எடுப்பாள்.

ஊருக்குத்தான் உபதேசம். தெரு மின்சாரம் லேசாகத் துடித்தால்கூட, மகள் வீட்டில் வைத்த இன்வெர்ட்டர் பெட்டி அணைந்துவிடுகிறது, சீரியலில் பாதி போய்விடுகிறது என்று அம்மா நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் போன ஞாயிற்றுக்கிழமை, பெட்டியை நிறுத்தும் அந்தக் காவலை மகளே எடுத்துவிட்டாள். இரண்டு நாளில் வேறு மாதிரி எழுதிப் போட்டுவிடலாம் என்று நினைத்து, மறந்தும் போனாள்.

ஜன்னல் வழியே தெருக்கோடிக் கம்பம் தெரிந்தது. பழுது பார்ப்பதற்காக லைனை முன் கம்பத்திலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். இந்தக் கம்பத்தில் மிச்சமிருந்த இணைப்பு அவர்கள் வீட்டுடையது மட்டும். அதில் பாதி உயரத்துக்கு மேல் ஏறியிருந்தான் அவள் தம்பி.

லைன்மேன். கையுறை பின்பாக்கெட்டில் தொங்கியது.

எர்த் ராடு மாட்டியிருப்பான் என்று ஒரு மனது சொன்னது. அதை மாட்டி, கம்பியை மண்ணோடு சேர்க்காமல் அவன் கை வைக்கவே மாட்டான். அவன் ஜாக்கிரதையைப் பார்த்து, கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்குத் 'தாத்தா' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனால் மாட்டியிருந்தால் பெட்டி அந்த நொடியே அணைந்திருக்கும். ஃபேன் சுற்றுகிறது.

கூப்பிடலாமா? கூப்பிட்டால் திரும்புவான். திரும்பினால் பிடிமானத்துக்குக் கை எதையாவது பற்றும்.

எச்சில் கையோடு ஓடினாள்.

சோலார் சுவிட்சு வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதன் கைப்பிடியில் அம்மா ஒரு குடையையும் இரண்டு காய்கறிப் பைகளையும் மாட்டியிருந்தாள். சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொல்லி அம்மா கேட்டு ஒரு வருஷமாகிறது. பைகளைப் பிடுங்கி எறிந்தாள். வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது. குடையின் கொக்கி மட்டும் சிக்கிக்கொண்டு, கைப்பிடியை இறங்க விடவில்லை.

கதவிடுக்கில் தம்பியின் கை மேலே போவது தெரிந்தது.

குடையோடு சேர்த்து, மொத்த உடம்பையும் போட்டு அழுத்தினாள். குடை உடைந்தது. உள்ளே ஃபேன் முனகிக்கொண்டே மெதுவானது.

தம்பி வெறுங்கையால் கம்பியைப் பிடித்தான்.

ஒன்றும் ஆகவில்லை. சீட்டியடித்தபடி அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தான்.

அவன் இறங்கும்வரை அவள் கைப்பிடியை விடவில்லை. அது தானாக மேலே ஏறாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் விடவில்லை.

தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தான். எர்த் ராடு அவர்கள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. அக்கா அதையே பார்ப்பதைக் கண்டு சிரித்தான்.

"மத்த தெருவுல இத மாட்டாம கம்பியத் தொடுவேனா? இங்க எதுக்குக்கா? நீ வெச்ச பெட்டியாச்சே."

ஃபேனை யார் நிறுத்தியது என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

அவள் ராடை எடுத்துத் தம்பியின் கையில் திணித்தாள்.

"இனிமே இங்கயும் மாட்டு."

"ஏன்?" என்றான் அவன்.