முழங்கால் வருத்தம்

நேசமலருக்கு முழங்காலில் வருத்தம். கொழும்பு வெள்ளவத்தையில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை டொக்டர்மார் இருந்தும் எவரிடமும் போக மறுத்துவிட்டார். நம்பர் எடுத்துக் காத்துக் கிடந்து உள்ளே போனால், கதிரையில் உட்கார முதலே மருந்து எழுதி முடித்துவிடுகிறார்களாம். ஒரு கேள்விகூடக் கேட்பதில்லையாம்.

பகல் முழுக்கக் காதில் ஹெட்போனோடு வீட்டிலிருந்தே வேலை செய்யும் புது மருமகள் ரூபிகா, வீடியோவில் டொக்டர் பார்க்கலாம் என்றாள். மாமி உடனே சம்மதித்தார். ஆனால் கொழும்பு டொக்டர் வேண்டாம், சென்னை டொக்டர்தான் வேண்டும் என்றார்.

இளம் டொக்டர் ஒருவர் திரையில் வந்தார். "சொல்லுங்கம்மா."

"கனநாளா வருத்தம், டொக்டர்."

"வருத்தமா? வீட்டுல யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

கதவோரம் நின்ற ரூபிகாவுக்குத் திக்கென்றது. மாமி விறுக்கென்று எழும்பி வந்து கதவைச் சாத்தினார்.

ரூபிகா ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. உள்ளே பேச்சு முடியவில்லை. நடுவில் ஒருதரம் தன் பெயர் கேட்டது. கலியாண அல்பம்கூட இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் முன்பின் தெரியாதவரிடம் குறை சொல்லும்படி என்ன செய்துவிட்டோம்? கணவன் கார்த்திகன் வேலையால் வந்து கேட்டால் என்ன சொல்வது?

கதவு திறந்தது. மாமி போனை நீட்டினார். "உம்மோட கதைக்கவேணுமாம்."

டொக்டர் மருந்தோ குளிசையோ ஒன்றும் எழுதவில்லை. மருமகளைப் பற்றி அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை, பேச ஆளில்லை என்று மட்டும்தான் சொன்னார் என்றார். வேலை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரோடு கொஞ்சம் பேசும்படியும், கடற்கரைக்குக் கூட்டிப் போகும்படியும் சொல்லிவிட்டு மறைந்தார்.

ரூபிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"மாமி, அவர் பிழையா விளங்கிட்டார். இந்தியாவில வருத்தமெண்டால் நோயில்லை, மனக்கவலை. திரும்ப எடுத்து முழங்காலைப் பற்றிச் சொல்லுவம்."

நேசமலர் அதற்குள் சேலை மாற்றி, செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலில் நின்றார்.

"தெரியும், பிள்ளை. நான் சென்னையில, வடபழனியில கனகாலம் இருந்தனான்."