ஒத்தையா, ரெட்டையா?

"நாலு மாசமா ஒரே கேள்வியைக் கேட்டு என் உயிரை வாங்கறார் இந்த ஆளு."

சாப்பாட்டு இடைவேளையில், கூட வேலை பார்ப்பவளிடம் மொபைலை நீட்டினான் அவன்.

உள்ளூர் ஆன்லைன் கேமிங் குரூப்பில் அவனுக்குக் 'கார்டு டாக்டர்' என்று பெயர். எந்த லேப்டாப், திரையில் கேம் காட்சிகளை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு எது என்று யார் கேட்டாலும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவான். சம்பளமில்லாத உத்தியோகம்.

அவனுக்கே அலுப்புத் தட்ட வைத்தவர், 'கத்துக்குட்டி' என்ற பெயரில் வந்து சேர்ந்த ஒருவர்.

'சார், என் பையனுக்கு கேம் ஆட லேப்டாப் வாங்கணும். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருக்கறதை வாங்கறதா, ரெண்டு இருக்கறதையா?'

'ஒண்ணே போதும். நல்லதா ஒண்ணு. ரெண்டு வெச்சா அடுப்பு மாதிரி கொதிக்கும், தூக்க முடியாது, சார்ஜ் நிக்காது. பாதி கேம் அந்த ரெண்டாவது கார்டைத் திரும்பிக்கூடப் பாக்காது.'

'புரிஞ்சுது சார். ஒண்ணே வாங்கறேன்.'

இரண்டே நாளில் மறுபடி வந்து நின்றார். 'சார், ரெண்டு இருந்தா, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு ஓடுமே?'

அதற்கும் ஒரு பக்கம் எழுதினான். அடுத்த வாரம், 'ரெட்டையே வாங்கிடலாம்னு பாக்கறேன் சார்.' அதற்கடுத்த வாரம், 'இல்ல சார், ஒத்தையே பெட்டர்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?'

நேற்று அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

'உங்க மண்டைல என்ன களிமண்ணா? ஆடப்போறது உங்க பையன். அவனையே கேளுங்களேன்.'

'அவனுக்கு நேரமில்ல சார்.'

அதைப் படித்ததும் கோபம் அந்த முகம் தெரியாத பையன் மேல் திரும்பியது.

'பெத்த அப்பாவுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்காதவனுக்கு லேப்டாப் ஒரு கேடா?'

நாற்பது பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். கத்துக்குட்டி மட்டும், 'அப்படிச் சொல்லாதீங்க சார். நல்ல பையன். வேலை ஜாஸ்தி, அவ்ளோதான்' என்று எழுதியிருந்தார்.

"பாவம்டா மனுஷன்," என்றாள் அவள். "நேர்ல கூட்டிட்டுப் போய் ஒண்ணை வாங்கிக் குடுத்துடு. தொல்லை விட்டுது."

அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. அங்கேயே எழுதினான்.

'சனிக்கிழமை பதினோரு மணிக்கு மெயின் ரோடு கம்ப்யூட்டர் கடைக்கு வாங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க. அவனை நான் நாலு வார்த்தை கேக்கணும். வரலைன்னா இனிமே உங்களுக்கு நான் பதில் எழுதமாட்டேன்.'

எப்போதும் உடனே பதில் போடுகிறவர், அன்று சாயங்காலம்தான் போட்டார். 'வர்றேன் சார்.'

சனிக்கிழமை அவன் கிளம்பும்போது வீட்டில் அப்பா இல்லை. அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா போனதிலிருந்து வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரான மனிதர், காலையிலேயே எங்கே போனார் என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.

கடையில் வரிசையாக லேப்டாப்புகள். கடைசி மேஜையில் ஒருவர் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விலைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். தேய்த்த சட்டை. படிய வாரிய தலை.

"அப்பா, நீங்க எங்க இங்க?"

அப்பா நிமிர்ந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்துத் தடுமாறினார்.

"பதினோரு மணிக்கு வரச் சொன்னீங்களே, சார்."

அந்த 'சார்' நாக்குத் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிப்போனது.

கடையில் ஓடிக்கொண்டிருந்த கேமின் வெடிச்சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"கத்துக்குட்டி... நீங்களா?"

அப்பா தலையாட்டினார்.

"வீட்லயே கேட்டிருக்கலாமேப்பா. பக்கத்து ரூம்லதானே இருக்கேன்."

"கேக்கலாம்னு உன் ரூம் வாசல்ல வந்து நின்னேன்ப்பா. 'அப்புறம் பேசலாம்'ன்ன. உன் ஸ்கிரீன்ல அந்த குரூப்பும், அதுல உன் பேரும் தெரிஞ்சுது. சரின்னு அதுல சேந்து கேட்டேன். ஆறே நிமிஷத்துல ஒரு பக்கத்துக்குப் பதில் வந்துது."

அவர் குற்றமாக எதையும் சொல்லவில்லை. பரிசு வாங்கிய கதையைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"நான் உங்களை என்னென்னமோ எழுதிட்டேன்ப்பா."

"அதை விடு. அன்னிக்கு, சூடு எந்த வழியா வெளியே போகும்னு படம் வரைஞ்சு போட்டியே, அது நல்லா இருந்துது."

கடைப் பணியாளர் பக்கத்தில் வந்தார். "சொல்லுங்க சார், ஒரு கார்டு போட்டதா, ரெண்டு போட்டதா? எதை எடுக்கட்டும்?"

"எதுவும் வேண்டாம் தம்பி. சும்மா பாக்க வந்தோம்," என்றார் அப்பா.

அவன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தான்.

"வாங்கவே போறதில்லைன்னா, எதுக்குப்பா ஒத்தைன்னும் ரெட்டைன்னும் நாலு மாசமா மாத்தி மாத்திக் கேட்டீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"ஏதாவது ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் உன்கிட்ட என்னத்தப்பா கேக்கறது?"