ஹட்டனில் எந்தப் பக்கம்

பண்டாரவளை ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலின் கம்பிகளிலிருந்து பனி நீராய்ச் சொட்டுகிறது. தோட்டத்தை விட்டு ஒரேயடியாக இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் வரை எடுத்த டிக்கெட்டை மூக்காயி மறுபடியும் உள்ளே நீட்டுகிறாள். "இது ஹட்டன் வழியாத்தானேங்க போகுது? மக அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. எறங்கி ஒரு ராத்திரி இருந்துட்டுப் போறேங்க." கிளார்க் அம்பலவாணர் நிமிராமலே சொல்கிறார்: "வழி அதுதான். ஆனா இடையில இறங்கேலாது. விசா நாளையோட முடியுது, கப்பலை விட்டா பிடிச்சு மறியல்ல அடைச்சுப்போடுவாங்கள்." வளைவுக்கு அப்பால் ரயில் கூவுகிறது. மகளுக்கென்று துணி சுற்றி வைத்திருக்கும் பித்தளைச் செம்பை அவள் இடுப்பு மாற்றிக்கொள்கிறாள். "அப்ப ஹட்டன்ல பிளாட்பாரம் எந்தப் பக்கங்க வரும்? அவள வந்து நிக்கச் சொல்லியிருக்கேன். அந்தப் பக்கமா ஒக்காந்துக்கிறேன்." இப்போது அவர் நிமிர்கிறார். லீவுக்கு லீவு அந்த வழியாகத்தான் அவர் யாழ்ப்பாணம் போய்வருகிறார். ஹட்டனில் ஒருநாளும் வெளியே பார்த்ததில்லை.